வீட்டுக்கு வந்துர்றியா?

எங்கள் பக்கம் பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை நானூற்றைம்பது மார்க்கைத் தாண்டிவிட்டால், அடுத்து அதை எங்கே சேர்ப்பது என்பது அப்பா அம்மா கையில் இருக்காது. சொந்தபந்தம் முழுக்க வந்து உட்கார்ந்துவிடும். 2005 மே மாதம் எனக்கு 468 வந்தது. சாத்தூரை ஒட்டிய கரிசல்காட்டுக் கிராமம்; அரசு உயர்நிலைப் பள்ளி; தமிழ் வழி. மார்க் ஷீட் கைக்கு வருமுன்பே பெரியப்பா எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டார். "நாமக்கல்ல கொண்டுபோய்ப் போட்டுரு தம்பி. ரெண்டே வருசம். புள்ள கண்ண மூடிக்கிட்டு இருந்துட்டா டாக்டர், இல்லன்னா இஞ்சினியர். நம்ம வம்சத்துக்கே விடிஞ்சிரும்" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் பெயர். அம்மா வீட்டிலிருந்தபடியே பெட்டி ஒட்டுவார். ஹாஸ்டல் பீஸும் சேர்த்துப் பள்ளிக்கூடத்தில் கேட்ட பணம் அந்த இரண்டு வருமானத்திலும் கட்டக்கூடியது அல்ல. அம்மாவின் சங்கிலியும் வளையலும் சாத்தூர் அடகுக் கடைக்குப் போயின. அடகு ரசீதை நான்காக மடித்து அப்பா சட்டைப்பைக்குள் வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டு வருடமும் என்னைப் பிடித்து ஆட்டிய பயத்தில் பாதி அந்தக் காகிதத்திலிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

நாமக்கல் வட்டாரம் முன்பு முட்டைக்கும் லாரி பாடி கட்டுவதற்கும் பேர்போனது. தொண்ணூறுகளுக்குப் பிறகு ப்ளஸ் டூ மார்க்குக்கும் பேர்வாங்கியது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு சாலைகளில் காடுகழனிக்கு நடுவே நாலு மாடி, ஐந்து மாடிக் கட்டடங்கள் எழுந்தன. மாநில ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் போட்டோக்கள் போஸ்டர்களாகவும் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்களாகவும் வரும். ராமநாதபுரம், விருதுநகர், திருவாரூர் என்று மழையை நம்பியும் மாதச் சம்பளத்தை நம்பியும் இருந்த குடும்பங்கள் அந்தப் போட்டோக்களைப் பார்த்துத்தான் பிள்ளைகளை அனுப்பின. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த ஒரே ஏணி அதுதான்.

சாத்தூரிலிருந்து பஸ் ஏறி மாட்டுத்தாவணியில் இறங்கி, டவுன் பஸ்ஸில் ஆரப்பாளையம் போய், அங்கே சேலம் பஸ் பிடிக்க வேண்டும். திண்டுக்கல், கரூர். கரூர் தாண்டி பரமத்தி வேலூர்ப் பாலத்தில் காவிரி வரும். எங்கள் வைப்பாற்றில் மணலைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். காவிரியைப் பார்த்து அப்பாவும் நானும் ஜன்னல் பக்கம் எட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டிரங்குப் பெட்டி, தலையணை, வாளி, மக், பூட்டு, ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய், சாத்தூர் சேவு அரைக்கிலோ. சேவுப் பொட்டலத்தைப் பள்ளி வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். வெளித் தின்பண்டம் உள்ளே அனுமதி இல்லை.

விடிகாலை நாலரைக்கு மணி அடிக்கும். ஐந்து மணிக்கு ஸ்டடி ஹாலில் இருக்க வேண்டும். ஏழு மணிக்குக் குளியல். ஒரு குழாய்க்கு முன்னால் இருபது வாளி வரிசையில் நிற்கும். எட்டு மணிக்கு முதல் டெஸ்ட். அதன்பிறகு வகுப்பு, மறுபடி டெஸ்ட், மாலையில் அரை மணி நேரம் வெளியே நிற்கலாம், பிறகு ராத்திரி பதினொன்று வரை ஸ்டடி. டெஸ்ட் பேப்பர் மறுநாளே திருத்தி வந்துவிடும். வாரக் கடைசியில் மார்க் வரிசைப்படி பெயர்களை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். மாதத்துக்கு ஒருமுறை அந்த வரிசைப்படி வகுப்புப் பிரிவும் மாறும். ஏ செக்‌ஷனிலிருந்து சி செக்‌ஷனுக்கு டெஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போகும் பிள்ளையை எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்போம்.

நான் படித்த பள்ளியில் ப்ளஸ் ஒன் பாடம் பேருக்குத்தான். ஜூன் மாதக் கடைசியிலேயே ப்ளஸ் டூ புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வருடமும் ஒரே பாடம்தான். அந்தக் காலத்தில் இது பரவலாக நடந்த வழக்கம். பொதுத்தேர்வு ப்ளஸ் டூவுக்கு மட்டுமே இருந்தது. 1200 மார்க்கும் அதிலிருந்துதான். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை ஒரு மார்க், எத்தனை ஆறு மார்க், எத்தனை பத்து மார்க் என்ற ப்ளூ பிரிண்ட் எல்லாருக்கும் மனப்பாடம். ப்ளஸ் ஒன்னில் கற்க வேண்டிய அடிப்படை இல்லாமல் ப்ளஸ் டூ பாடத்துக்குள் இறங்கினால் ஒவ்வொரு வரியும் சுவராக நிற்கும் என்பது பிள்ளைகளுக்கு மட்டும் தெரிந்தது. வகையிடல் என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தராமலே வகையிடலின் பயன்பாடுகளைப் படித்தோம்.

எனக்கு அதற்கும் மேலே ஒரு சுவர் இருந்தது. பத்தாம் வகுப்பு வரை நான் படித்த இயற்பியலில் முடுக்கம் இருந்தது, உந்தம் இருந்தது, நிலைமம் இருந்தது. இங்கே அவை எல்லாவற்றுக்கும் வேறு பெயர். வாத்தியார் வேகமாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போவார். கரும்பலகையில் எழுதுவதை நான் ஓவியம் வரைவதுபோல் பார்த்து வரைவேன். வீட்டில் இருந்தவரை கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள், முதல் இயற்பியல் டெஸ்டில் 150-க்கு 38 வாங்கினேன். பேப்பரைக் கொடுத்தவர் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. "கவர்மென்ட் ஸ்கூலா?" என்று மட்டும் கேட்டார். எங்கள் கிராமத்தில் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த டீச்சர்கள் எல்லாரையும் சேர்த்து யாரோ கேவலப்படுத்தியதுபோல அன்று இருந்தது.

பயம் முதலில் வயிற்றில்தான் வந்தது. எட்டு மணி டெஸ்டுக்கு முன்னால் இட்லி இறங்காது. பிறகு மத்தியானமும் இறங்கவில்லை. உள்ளங்கை வேர்த்து விடைத்தாள் நனையும், மை பரவும். படுத்தால் தூக்கம் வராது. வந்தால் எழுந்திருக்க முடியாது. சீப்பில் கொத்துக்கொத்தாக முடி வந்தது. மூன்று மாதம் தீட்டு வரவில்லை. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருந்து, ஒருநாள் துணி துவைக்கும் கல்லருகே பக்கத்துக் கட்டில் பிள்ளையிடம் மெதுவாகச் சொன்னேன். "எனக்கும்தான்" என்றாள். துணி அலசிக்கொண்டிருந்த இன்னொருத்தியும் திரும்பிப் பார்த்து, "எனக்கு ஆடியிலிருந்து இல்ல" என்றாள். அந்தக் கல்லருகே நின்ற மூன்று பேருக்கும் ஒரே கதை. மனம் தாங்காதபோது உடம்பு அதை நிறுத்திவிடுகிறது என்று பின்னால் ஒரு டாக்டரம்மா எனக்கு விளக்கிச் சொன்னார். அன்றைக்கு எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. ஆனால் நான் மட்டும் கெட்டுப்போகவில்லை என்று தெரிந்ததும் அன்று ராத்திரி கொஞ்சம் தூங்கினேன்.

மெஸ்ஸில் சோறு போடுகிற அம்மா ஒருவர் இருந்தார். ராசிபுரம் பக்கத்துக்காரர். எங்களை வேலையாட்களோடு பேசக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவர் கரண்டியைத் தட்டில் தட்டும்போதே பேசிவிடுவார். "ஏன் கண்ணு, வாரம் பூரா தட்டுல சோறு அப்படியே கெடக்குது? ஒடம்புக்குச் சேரலையா?" என்று ஒருநாள் கேட்டார். ஊரை விட்டு வந்த பிறகு மார்க்கைப் பற்றி அல்லாமல் என்னைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. தொண்டை அடைத்துவிட்டது. மறுநாளிலிருந்து மோர்ச்சோற்றைத் தனியாகப் பிசைந்து வைத்து, வரிசையில் நான் வரும்போது தட்டில் வைப்பார். டெஸ்ட் உள்ள காலையில் அந்த மோர்ச்சோறுதான் எனக்கு இறங்கியது.

பாடத்தில் எனக்கு வழி திறந்தது அப்பாவின் சைக்கிளால். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தீபாவளி லீவில் ஊருக்குப் போனபோது, எங்கள் தெருவில் அந்த வருடம் அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அண்ணனின் இயற்பியல் புத்தகத்தைப் புரட்டினேன். அதே பாடம், அதே படங்கள், அதே வரிசை. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் இரண்டு மொழியிலும் போட்டிருந்தது. எனக்கு ஹாஸ்டலில் கல்லாகக் கிடந்த பாடம் அந்தப் புத்தகத்தில் மின்காந்தத் தூண்டல் என்ற பெயரில் இருந்தது. வாசலில் உட்கார்ந்து லென்ஸ் விதியை வாசித்தேன். ஒரு கம்பிச் சுருளில் தூண்டப்படும் மின்னோட்டம், எந்த மாற்றத்தால் அது பிறந்ததோ அந்த மாற்றத்தையே எதிர்க்கும் திசையில் ஓடும். இரண்டு தடவை வாசித்தேன். எதிரே சுவரில் அப்பாவின் சைக்கிள் சாத்தியிருந்தது.

அந்த சைக்கிளில் டைனமோ உண்டு. ஆபீஸில் லோடு ஏற்றுகிற நாளில் அப்பா வர ராத்திரி ஆகிவிடும். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அந்தி நேரத்தில் அதே சைக்கிளில் நான் போயிருக்கிறேன். இருட்டியதும் டைனமோவைத் தட்டி டயரோடு சேர்த்துவிட்டால் விளக்கு எரியும். உடனே பெடல் கனக்கும். கரிசல் மண் பாதையில் தொடை வலிக்க மிதிக்க வேண்டும். டயரில் உரசுவதால் வரும் பாரம் ஒரு பங்கு. விளக்கு எரிய எரியக் கூடும் பாரம் அந்த எதிர்ப்பினால் வருவது. டைனமோவுக்குள் சுழலும் காந்தத்தை, அது உண்டாக்கிய மின்னோட்டமே பிடித்து இழுக்கிறது. மிதிப்பவரின் உழைப்புதான் வெளிச்சமாகிறது. இதை என் கால் பத்து வயதிலிருந்தே அறியும். அப்படி அறிந்த என்னைத்தான் இவ்வளவு நாளும் ஒன்றும் தெரியாத மக்கு என்று நினைக்க வைத்திருந்தார்கள்.

எழுந்து போய் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, டைனமோவைச் சேர்த்து, பெடலைக் கையால் சுற்றிப் பார்த்தேன். பல்பு ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சுற்றினேன். மறுபடி மாட்டிவிட்டுச் சுற்றினேன். கைக்கே வித்தியாசம் தெரிந்தது. அம்மா அடுப்படியிலிருந்து, "என்ன தாயி, அப்பா சைக்கிளப் பிரிக்க?" என்று கேட்டார். "பாடம் படிக்கேம்மா" என்றேன். ஆறு மாதத்தில் முதல்முறையாக அந்த வார்த்தையை நான் சந்தோஷமாகச் சொன்னேன்.

அந்த அண்ணன் எனக்குத் தமிழ் வழிப் புத்தகங்களை வாங்கிக் கொடுத்தார். அவற்றை பிரவுன் பேப்பர் அட்டை போட்டு ஹாஸ்டலுக்குக் கொண்டுபோனேன். அதன்பிறகு எந்தப் பாடத்தையும் முதலில் தமிழில் வாசிப்பது, கதைபோல ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்ப்பது, பிறகு இங்கிலீஷ் புத்தகத்தைத் திறப்பது என்று ஆயிற்று. திறந்தால் தெரிந்த ஆளே வேறு சட்டை போட்டு நிற்பார். பக்கத்துக் கட்டில் பிள்ளை திருவாரூர்ப் பக்கத்துத் தமிழ் மீடியம்தான், அவளும் சேர்ந்துகொண்டாள். நான் அவளுக்கு இயற்பியல் சொல்வேன், அவள் எனக்குக் கரிம வேதியியல் சொல்வாள். மாலை அரை மணி நேரத்தில் வேப்பமரத்தடியில் நின்றபடி ஒருத்தி கேள்வி கேட்க, மற்றவள் புத்தகம் பார்க்காமல் தமிழில் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாமல் எங்கே நிற்கிறோமோ அங்கேதான் புரியவில்லை. டெஸ்ட் எழுதாமலேயே அதைக் கண்டுபிடிக்க முடியும் என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பகுமுறை வடிவியலில் பரவளையத்தையும் நீள்வட்டத்தையும் மண்ணில் குச்சியால் கீறிக் கீறிப் படித்தோம்.

இதனால் மார்க் உடனே ஏறிவிடவில்லை. 38 என்பது 60 ஆனது, 75 ஆனது, மறுபடி 58 ஆனது. பயமும் போகவில்லை. அது போனது வேறொரு நாளில்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வரலாம். சனிக்கிழமை ராத்திரியே பஸ் ஏறி விடிகாலையில் வாசலில் நிற்பார்கள். பள்ளி மைதானம் முழுக்கப் பாய் விரித்து, தூக்குச்சட்டியைத் திறந்து, பிள்ளைகளுக்கு ஊட்டாத குறையாகச் சாப்பாடு நடக்கும். ஒருபக்கம் சாப்பாடு, மறுபக்கம் ரேங்க் கார்டு. பத்து மணிக்குக் கிளாஸ் டீச்சரைப் பார்க்கப் பெற்றோர் வரிசையில் நிற்பார்கள். அங்கிருந்து திரும்பும் அப்பாக்களின் முகத்தைப் பார்த்தே அந்தப் பிள்ளை எந்த செக்‌ஷன் என்று சொல்லிவிடலாம். திட்டும் சத்தம் அவ்வளவாகக் கேட்காது. "ஒனக்காகத்தான பாப்பா இவ்வளவும்" என்ற குரல்தான் மைதானம் முழுக்கக் கேட்கும். திட்டு வாங்கிய பிள்ளைகள்கூடச் சாப்பிடும். இதைக் கேட்ட பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள்.

ப்ளஸ் ஒன் தை மாதத்தில் அம்மா மட்டும் வந்தார். ரெண்டு பஸ் மாறி, தனியாக, முதல்முறையாக. ரேங்க் கார்டு வாங்கும் வரிசைக்கு அவர் போகவில்லை. "எனக்கு அதுல என்ன தெரியும், ஒன்னயப் பாக்கத்தான வந்தேன்" என்று சொல்லி, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார். நான் ஒரு வாய் வைத்துவிட்டு நிறுத்தினேன். என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். வளையல் முழங்கைவரை ஏறியது. சடையை அவிழ்த்துப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"வீட்டுக்கு வந்துர்றியா தாயி?"

நான் நகையைச் சொன்னேன். பீஸ் திருப்பித் தர மாட்டார்கள் என்று சொன்னேன். பெரியப்பா என்ன சொல்வார் என்று சொன்னேன்.

"நக கெடக்கு. பெரியப்பாக்கு நாஞ் சொல்லிக்கிடுதேன். சாத்தூருலயே படிச்சுக்கிடலாம், இல்லன்னா ஒரு வருசம் சும்மா இரு. அப்பாட்டயும் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். ஒனக்கு எப்போ முடியலன்னு தோணுதோ, அன்னைக்கே போன் போடு. அப்பா மறு பஸ்ஸுல வந்து நிப்பாக."

நான் அன்று அம்மாவோடு போகவில்லை. போகலாம் என்று தெரிந்துவிட்டது. அதுவே போதுமாக இருந்தது. அதுவரை அந்தக் காம்பவுண்டுச் சுவரை நான் பார்த்த பார்வை வேறு. ஜெயிக்க வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போக வேண்டும் என்று பதினாறு வயதில் என் மனம் நிஜமாகவே கணக்குப் போட்டு வைத்திருந்தது. மூன்றாவதாக ஒரு வழி உண்டு, அந்த வழியில் அப்பா பஸ்ஸில் வந்து நிற்பார் என்று அம்மா சொன்ன பிறகு, டெஸ்டுக்கு முன்னால் கை வேர்ப்பது மெல்ல மெல்லக் குறைந்தது. பங்குனி மாதம் உடம்பும் பழைய கணக்குக்குத் திரும்பியது.

அப்பா வாரா வாரம் ஒன்றரை நிமிடம் பேசுவார். ஹாஸ்டல் ஆபீஸுக்குப் போன் வரும், மைக்கில் பெயரைக் கூப்பிடுவார்கள், ஓடிப்போய் எடுக்க வேண்டும். பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். முன்பெல்லாம் "டெஸ்ட் எப்படி பாப்பா?" என்று ஆரம்பிப்பவர், அதன்பிறகு ஆரம்பிப்பதே "என்ன சாப்ட்ட?" என்றுதான். செவலை ஆடு குட்டி போட்டது, கிணற்றில் தண்ணீர் ஏறியது, ஆபீஸில் தீபாவளிப் போனஸ் பேச்சு நடப்பது என்று ஊர்ச் சேதிகளாகச் சொல்லி முடிப்பார். அம்மா சொல்லிக் கொடுத்ததா, அவராகவே மாறினாரா என்று நான் கேட்டதில்லை.

எல்லாருக்கும் அந்தப் போன் வந்ததில்லை. மேல்மாடி டார்மிட்டரியில் கடலூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். எப்போதும் ஏ செக்‌ஷன். ப்ளஸ் டூ காலாண்டுக்குப் பிறகு அவள் பேசுவதை நிறுத்தினாள். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நின்று கையை நீட்டுவாள், அடி வாங்கத் தயாராக இருப்பதுபோல. ஒருநாள் காலையில் அவள் கட்டில் காலியாக இருந்தது. அவள் அப்பா ராத்திரியே வந்து கூட்டிப்போய்விட்டார் என்றார்கள். வார்டனோ டீச்சரோ எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மதியம் பெருக்கித் துடைத்து அந்தக் கட்டிலில் வேறொரு பிள்ளையின் பெட்டியை வைத்தார்கள். அன்று எட்டு மணி டெஸ்டும் வழக்கம்போல நடந்தது. அவளுக்கு என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த நிர்வாகத்தை நான் மன்னிக்காமல் இருப்பது எனக்கு நடந்தவற்றுக்காக அல்ல, அந்தக் கட்டிலுக்காக.

ப்ளஸ் டூ வருடத்தில் நுழைவுத் தேர்வுக் குழப்பம் வேறு. அதுவரை இஞ்சினியரிங் கட்-ஆஃப் 300-க்கு. அதில் 100 நுழைவுத் தேர்வு. அதை நீக்க 2005-லும் 2006 தொடக்கத்திலும் அரசு எடுத்த முயற்சிகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பிறகு இதை ஆராய ஆனந்தகிருஷ்ணன் குழு அமைந்தது. 2006 டிசம்பரில் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் 2007 மார்ச்சில், எங்களுக்குப் பொதுத்தேர்வு நடக்கிற மாதத்தில்தான் வந்தது. அந்த வருடம் முழுக்க இருக்கிறது, இல்லை என்று ரெண்டுக்கும் சேர்த்துப் படித்தோம். ஹாஸ்டலுக்குள் பேப்பர் வராது. பெற்றோர் வரும் ஞாயிற்றுக்கிழமையில் புளியோதரை மடித்து வந்த தினசரித் துண்டிலிருந்துதான் சேதி தெரியும். நுழைவுத் தேர்வு போனது எங்களைப் போன்ற கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய விடுதலை. கோச்சிங்குக்குப் போக முடியாதவர்களுக்காக அன்று அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களுக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

பரீட்சை சமயத்தில் செய்ததில் ஒன்றைச் சொல்லலாம். கடைசி மூன்று வாரம் ராத்திரி பத்து மணிக்கு மேல் படிப்பதில்லை என்று திருவாரூர்ப் பிள்ளையும் நானும் வைத்துக்கொண்டோம். ஸ்டடி ஹாலில் பதினொன்று வரை உட்கார வேண்டும். ஆகவே பத்து மணிக்கு மேல் ரஃப் நோட்டில் மனதில் வந்ததையெல்லாம் எழுதுவோம். வேதியியல் பயம், வீட்டு ஞாபகம், எதிர் டெஸ்க் பிள்ளை மேல் கோபம், எல்லாம். எழுதிய பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தால் தூக்கம் வந்துவிடும். தூங்கி எழுந்த தலையில் படித்தது இருந்தது. நாலரை மணிக்கு எழுந்து தலையைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக்கொண்டு படித்த பிள்ளைகள் ஹாலில் வெற்றுத்தாளைப் பார்த்து உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன்.

மே மாதம் ரிசல்ட். சாத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பிரௌசிங் சென்டரில் வரிசையில் நின்று பார்த்தோம். 1200-க்கு 1043. பெரியப்பா எதிர்பார்த்த மார்க் அல்ல. போஸ்டரில் வரும் மார்க்கும் அல்ல. இயற்பியலில் மட்டும் 191. நகையை மீட்க நாலு வருடம் ஆனது. நான் இஞ்சினியரிங் போகவில்லை. மதுரையில் பி.எஸ்சி. இயற்பியல், அங்கேயே எம்.எஸ்சி., பிறகு பி.எட். இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியை. லென்ஸ் விதி நடத்தும் நாளில் டைனமோ வைத்த பழைய சைக்கிள் ஒன்றை வகுப்புக்குள் கொண்டுவந்துவிடுவேன். எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக வந்து பெடலைச் சுற்ற வேண்டும்.

நாங்கள் படித்த காலத்துக்கும் இப்போதைக்கும் நிறைய மாறிவிட்டது. 2017-ல் ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியது, நல்ல காரியம். ப்ளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதிப்பதைத் தடுக்கத்தான் 2017-18-ல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது; 2025-26-லிருந்து அது இல்லை. 1200 மார்க் 600 ஆனது. ஆனால் அந்த 2017-லிருந்து மருத்துவப் படிப்புக்கு நீட் வந்துவிட்டது. நுழைவுத் தேர்வு போன நிம்மதி பத்து வருடம்தான் நின்றது. என் வகுப்பில் இன்று டாக்டராக நினைக்கும் பிள்ளை இரண்டு பரீட்சைக்குப் படிக்கிறது. டெஸ்ட் மார்க் நோட்டீஸ் போர்டிலிருந்து பெற்றோரின் வாட்ஸ்அப்புக்கு மாறிவிட்டது; பிள்ளை வீடு போய்ச் சேருமுன் மார்க் போய்ச் சேர்கிறது. பயம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருக்கும் பிள்ளையை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட பிள்ளையிடம் தைரியமாக இரு, தன்னம்பிக்கை வேண்டும் என்றெல்லாம் நான் சொல்வதில்லை. எனக்கு அப்படிச் சொன்னவர்கள் நிறைய, ஒன்றும் ஒட்டவில்லை. காலையில் என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குத் தூங்கினாய், வீட்டில் யாரிடம் பேசுவாய் என்று கேட்பேன். மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போன் செய்வேன்.

பெற்றோர் கூட்டத்தில் நான் கேட்பது ஒன்றுதான். ரிசல்ட் வந்த பிறகு "பரவாயில்ல" என்று சொல்ல எல்லாரும் தயாராக இருக்கிறீர்கள். அதைப் பரீட்சைக்கு முன்னால் சொல்லுங்கள். மார்ச் மாதம் வரை காத்திருக்காதீர்கள், ஜூன் மாதமே சொல்லுங்கள். நகை அடகில் இருந்தாலும் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் வீட்டுக்கு வந்துவிடலாம், வேறு குரூப் எடுக்கலாம், ஒரு வருடம் போனாலும் போகட்டும் என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லிச் சொல்லுங்கள். எந்தப் பிள்ளையும் அதைக் கேட்டுவிட்டுப் படிப்பை விட்டதாக என் அனுபவத்தில் இல்லை.

உங்களிடம் சொல்ல முடியாததும் பிள்ளைக்கு இருக்கும். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் 14417, மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 இரண்டும் கட்டணம் இல்லாத எண்கள்; பகலிலும் ராத்திரியிலும் எடுப்பார்கள்; தமிழில் பேசலாம். பாடப்புத்தகத்துக்கு அட்டை போடும்போது உள்பக்கத்தில் இந்த எண்களை எழுதிக் கொடுங்கள்.